டேப்பின் மறுமுனையை யார் பிடிப்பது

கொரட்டூரில் எங்கள் தெருவில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் வரப்போகிறது. போன ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கச் செயலாளர் அதற்கு எதிராக ஒரு மனு எழுதித் தரச் சொல்லி என் வீட்டு வாசலுக்கு வந்தார். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே அடுக்ககத்தில் வீடு வாங்கியவர், கணினிக் கம்பெனியில் வேலை, நல்ல மனிதர். நான் நகரமைப்புப் பிரிவில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த விதியைச் சொன்னால் மனு நிற்கும் என்று எனக்குத் தெரியும் என்பது அவர் எண்ணம். சரியான எண்ணம்தான்.

"சத்தம், வண்டி, ரோடு அகலம். இந்த மூணையும் போட்டாப் போதும்ல சார்?" என்றார்.

போதும். நான் வேலை பார்த்த காலமெல்லாம் பிரித்துப் படித்த எதிர்ப்பு மனுக்களில் பெரும்பாலும் இந்த மூன்றும் இதே வரிசையில்தான் இருந்தன. நாளைக்குச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன். அன்று பகல் முழுக்க கரையான்சாவடித் தெரு ஒன்று மனத்தில் வந்து நின்றது. கூட வேலை பார்த்த இளையவர்கள் அதைப் பற்றி அவ்வப்போது கேட்பார்கள். ஆளுக்கு ஒரு மாதிரி கேள்விப்பட்டிருக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது நல்லது.

நான் வரைவாளராக வேலையில் சேர்ந்தேன். அம்பத்தூர்ப் பக்கம் வயல்களெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்த காலம். படம் வரையவும், அளக்கும் டேப் பிடிக்கவும், வெயிலில் கோபப்படாமல் நிற்கவும் கற்றுக்கொண்டேன். பிறகு ஆய்வாளர் ஆனேன். இடைப்பட்ட வருடங்களில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

ஆய்வாளரின் வேலை இதுதான். குடியிருப்புப் பகுதி என்று குறித்த தெருவில் வீட்டைத் தவிர வேறு எது வந்தாலும், மாவு மில்லோ தையல் கூடமோ குழந்தைகள் காப்பகமோ, அதற்கு அனுமதி வேண்டும். ஆய்வாளர் போய் இடத்தைப் பார்ப்பார். அக்கம்பக்கத்தார் எதிர்ப்பு இருந்தால் வாங்கிக்கொள்வார். தெருவின் அகலத்தை அளப்பார். திரும்பி வந்து ஒரு குறிப்பு எழுதுவார். அதிகாரி கையெழுத்திடுவார். நடைமுறையில் நாங்கள் காபி நேரம் முடிந்து, சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் போவோம். அந்த நேரத்தில் எந்தத் தெருவிலும் எதுவும் நடக்காது. விண்ணப்பித்தவர் ஒரு பக்கம் காபி நீட்டுவார், எதிர்ப்பவர் இன்னொரு பக்கம் மோர் நீட்டுவார். எதை முதலில் வாங்கினோம் என்பதை வைத்தே தெரு ஒரு முடிவுக்கு வந்துவிடும்.

விமலா மேடம் எங்களுக்கு அதிகாரியாக வந்தபிறகு இதெல்லாம் மாறியது. தென்காசிப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, சிரித்தும் அதிகம் பார்த்ததில்லை. எங்கே போனாலும் ஒரு கறுப்புக் குடையும் தண்ணீர் பாட்டிலும் கூடவே வரும். போன இடத்தில் உட்கார மாட்டார், எதையும் வாங்கிக் குடிக்க மாட்டார். தெருவில் நின்றபடி எதிர்ப்பு மனுவை வரி வரியாக எல்லோருக்கும் கேட்கும்படி படிப்பார். ஒவ்வொரு வரி முடிந்ததும் எழுதியவரைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொல்வார்: "காட்டுங்க."

டேப் பிடிப்பதிலும் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. ஒரு முனையை விண்ணப்பித்தவர் பிடிக்க வேண்டும், மறுமுனையை எதிர்ப்பவர் பிடிக்க வேண்டும். அளவை எதிர்ப்பவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாங்கள் எழுதிக்கொள்வோம். எனக்கு முதலில் இது சிறுபிள்ளை விளையாட்டாகத்தான் பட்டது. ஆனால் அவர் இருந்தவரை எங்கள் அளவு தப்பு என்று யாரும் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. தன் கையால் பிடித்த டேப்பைத் தப்பு என்று எந்த முகத்தோடு சொல்வது?

அம்பத்தூரில் ஒரு மாவு மில் விவகாரம். மில் ஓடினால் சுவர் அதிர்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் எழுதியிருந்தார். மேடம் அவர் வீட்டுக்குள் போய், தன் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, சுவர் அலமாரியில் வைத்தார். மில்லை ஓட்டச் சொன்னார். தண்ணீர் நடுங்கியது. மில்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நிஜந்தான் மேடம்" என்றார். அனுமதி கிடைக்கவில்லை. மேடம் ஏழைகள் பக்கம் என்று பின்னால் சிலர் கதை கட்டினார்கள், அதனால்தான் இதைச் சொல்கிறேன். மில்காரர் இருந்தது ஒண்டுக் குடித்தனத்தில். மேடத்துக்குப் பக்கமே கிடையாது. பக்கம் உள்ள அதிகாரியிடம் வேலை பார்ப்பது இதைவிடச் சுலபம், அவர் என்ன சொல்வார் என்று முன்கூட்டியே தெரியும்.

இனி கரையான்சாவடி. கடைகள் வரிசையாக இருக்கும் பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெரு. அங்கே ஜெயந்தி என்பவர் வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் காப்பகம் நடத்திவந்தார். பெற்றோர் செம்பரம்பாக்கம் பக்கம் வயல்வேலை செய்தவர்கள். இவர் ஒரு ஏற்றுமதித் தையல் கம்பெனியில், வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக இருந்தார். கம்பெனி அந்தப் பிள்ளைகள் அறையை மூடியபோது பெண்கள் பிள்ளைகளை இவர் வீட்டில் விட ஆரம்பித்தார்கள். பிறகு அடுக்ககங்களிலிருந்து கணினிக் கம்பெனிப் பெண்களும் வந்தார்கள். பிள்ளைகள் கூடினார்கள், அனுமதி மட்டும் இல்லை. யாரோ புகார் கொடுக்க, அனுமதி வாங்கு அல்லது மூடு என்று நோட்டீஸ் போனது. அவர் விண்ணப்பித்தார்.

எதிர்ப்பு மனு கொடுத்தவர் தெரு நலச்சங்கத் தலைவர் தணிகாசலம். தொழிற்சாலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெயந்தி வீட்டுக்கு எதிர்வரிசையில், நாலைந்து வீடு தள்ளி அவர் வீடு. மனுவில் ஏறக்குறைய தெரு முழுவதும் கையெழுத்துப் போட்டிருந்தது.

பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் நேரம் எது என்று கேட்டு, மேடம் மாலையில்தான் போனார். தெருவே வாசலுக்கு வந்து நின்றது. மேடம் குடையை மடக்கிக்கொண்டு மனுவைப் படித்தார்.

"'குழந்தைகள் அழும் சத்தத்தால் தெருவில் நிம்மதி இல்லை.' காட்டுங்க."

"இப்ப எப்டி மேடம் காட்றது?" என்றார் தணிகாசலம். "நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சிகினு இந்தம்மா அமைதியா வச்சிகினு கீது."

"ஆபீசர் வர்றாங்க, கம்முனு இருன்னா புள்ளைங்க இருந்துருமா?" என்றார் ஜெயந்தி. "அப்டி ஒரு வித்த தெரிஞ்சா நான் ஏன் இந்தத் தெருவுல கீறேன்?"

அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு குழந்தை அழுதது. தணிகாசலம் நிமிர்ந்து நின்றார். என்ன என்று மேடம் கேட்டார். செருப்பு மாறிவிட்டதாம். "ஒரு குழந்தை, செருப்புக்காக அழுகிறது" என்று என்னை எழுதச் சொன்னார். எழுதினேன். நான் எழுதி முடிப்பதற்குள் அழுகை நின்றுவிட்டது. அதையும் எழுதச் சொன்னார்.

அடுத்து வண்டி. நின்று பார்த்தோம். பெண்கள் நடந்தும் ஸ்கூட்டரிலும் வந்து பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். ஒரு வேன் வந்து தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் பால் வண்டிக்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்துபோனார். தணிகாசலம் சொன்னது இதில் உண்மை. வேன் தெருமுனையிலேயே நிற்க வேண்டும் என்று மேடம் குறித்துக்கொண்டார்.

கடைசியாகத் தெரு அகலம். பெரிய சாலையிலிருந்து அந்த இடம்வரை எங்கே தெரு ஒடுங்குகிறதோ அங்கே அளக்க வேண்டும். ஒடுங்கிய இடம் தணிகாசலத்தின் வீட்டு வாசலாக இருந்தது. அந்தத் தெருவில் எல்லோர் வீட்டு முன்னாலும் ராம்ப் உண்டு. ஒரு மழைக்கு வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிட்டதால் எல்லோரும் வீட்டை உயர்த்திக் கட்டினார்கள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் சாலையும் உயர்ந்தது. வண்டி ஏற வேண்டும் என்று சிமென்ட் சரிவுகள் வாசலைத் தாண்டித் தெருவுக்குள் நீண்டன. தணிகாசலத்தின் ராம்ப் தான் தெருவிலேயே நீளம்.

எதிர்ப்பக்க மதிலோரம் ஜெயந்தி டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனை தணிகாசலத்தின் கையில். அவர் அதைத் தன் மதிலில் வைத்திருக்கலாம். வைத்திருந்தால் விதி கேட்கும் அகலம் இருந்திருக்கும், அவர் எதிர்ப்பு அங்கேயே விழுந்திருக்கும். அவர் விவரமானவர். ராம்பின் கீழ் விளிம்பில், தார் தொடங்கும் இடத்தில் முனையை அழுத்திப் பிடித்து, அளவைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். விதி கேட்பதைவிட இரண்டடிக்குக் கொஞ்சம் மேல் குறைவு.

"தெரு அங்கதான் முடியுதா சார்?" என்று கேட்டார் மேடம்.

"ஆமா மேடம். நீங்களே பாக்குறீங்களே."

"சரி. அப்போ நீங்க நிக்கிற இந்த ராம்ப் எதுல இருக்கு?"

தணிகாசலம் டேப்பைப் பிடித்தபடியே குனிந்து தன் காலைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். மதிலுக்கு இந்தப் பக்கம் எல்லாமே தெரு என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை யாரும் டேப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னதில்லை.

"எல்லார் ஊட்டு முன்னாலயுந்தான் கீது" என்றார்.

"ஆமா. பார்த்தேன்" என்றார் மேடம். குடையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

மறுநாளிலிருந்து கையெழுத்துப் போட்டவர்கள் ஒவ்வொருவராக அலுவலகத்துக்கு வந்து அதைத் திரும்ப வாங்க ஆரம்பித்தார்கள். மனு எதற்கு என்றே தெரியாது என்றார் ஒருவர். பிள்ளையார் சதுர்த்தி வசூல் என்று நினைத்தேன் என்றார் இன்னொருவர். கடைசியில் தணிகாசலத்தின் கையெழுத்து மட்டும் தனியாக நின்றது.

எதிர்ப்பு கரைந்துவிட்டது, ஆனால் அகலம் குறைவுதான். நான் வழக்கப்படி குறிப்பு எழுதினேன்: சாலை அகலம் போதாது, நிராகரிக்கலாம். ராம்ப்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அப்படித்தான் எழுதுவது வழக்கம். தெருவில் யாருக்கும் வலிக்காது, ஒருவரைத் தவிர. மேடம் அதைப் படித்துவிட்டு என் பக்கம் தள்ளினார்.

"அளவு சரியா எழுதியிருக்கீங்க. மிச்சத் தெரு எங்க போச்சுன்னு எழுதலையே."

வேறு குறிப்பு எழுதினேன். தெருவில் உள்ள எல்லா வீடுகளுக்கும் ராம்பை அகற்றச் சொல்லி நோட்டீஸ் போனது. கெடு முடிந்ததும் மறுபடி அளக்க வேண்டும். அகலம் வந்திருந்தால் காப்பகத்துக்கு அனுமதி, வராவிட்டால் இல்லை.

நோட்டீஸ் போன மறுநாள் ஜெயந்தி ஓடி வந்தார். சந்தோஷத்தோடு வந்திருப்பார் என்று நினைத்தேன். இல்லை, பயந்துபோயிருந்தார்.

"மேடம், இந்த நோட்டீஸ் வாணாம் மேடம். வாபஸ் வாங்கிக்கோங்க."

"ஏன்?"

"என்னால இடிக்கிறாங்கன்னு தெருவே பேசுது. நாளைக்கி ஒருத்தர் கோவத்துல ஒரு கல்லு வுட்டா, அது புள்ள மேலதான உழும்? நான் எப்டி அவுங்க மத்தில புள்ளைங்கள வச்சிகினு கீறது?"

"அப்போ அனுமதி வராது. மூடணும்."

ஜெயந்தி புடவை முந்தியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். "மூட்னா பாதிப் பொண்ணுங்க வேலைய வுடணும் மேடம். கம்பெனில புள்ளய இட்டுகினு வராதன்னு சொல்லிட்டான். மாமியா, அம்மான்னு ஊட்ல ஆளு இருந்தா அதுங்க ஏன் எங்கிட்ட வருது?"

"நான் உங்களுக்காக இடிக்கச் சொல்லலை. தெருவுக்காகச் சொல்றேன். உங்க வாசல்லயும் ஒரு ராம்ப் இருக்கு."

"அது ஊட்டுக்காரர் கட்னது."

 மேடம் அடுத்த ஃபைலைப் பிரித்துவிட்டார். அவரிடம் அது பேச்சு முடிந்தது என்பதற்கு அடையாளம். ஜெயந்தி கதவுவரை போய் நின்று, "அப்போ மொதல்ல எங்க ஊட்டு ராம்ப் போவட்டும்" என்றார். மேடம் தலையை மட்டும் அசைத்தார். அன்றைக்கு எனக்கு மேடத்தின்மேல் கோபம் வந்தது. ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இல்லை. திங்கட்கிழமை போனபோது ஜெயந்தியின் வாசலில் ராம்ப் இருந்த இடத்தில் மண் தெரிந்தது. வீட்டுச் சொந்தக்காரரை அவர் எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்று தெரியாது. பிள்ளைகளை விடும் பெண்களே கடப்பாரையோடு வந்து இடித்தார்களாம், அடுக்ககத்துப் பெண் ஒருத்தி கல்லை அள்ளிப் போட்டாளாம். ஒரு பெண் தன் வாசலைத் தானே இடித்துவிட்ட பிறகு மற்றவர்களுக்குச் சொல்ல வாயில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு வீடாக இடித்தார்கள். தணிகாசலம் மட்டும் இடிக்கவில்லை.

கெடு நெருங்கும்போது நான் அவரைப் பார்க்கப் போனேன். வாசலில் நின்றிருந்தார்.

"ஒயரம் பாரு சார்" என்றார். "தண்ணி வந்தப்போ பீரோவப் போட்டுட்டு, எம்பொண்டாட்டியத் தூக்கிகினு மாடிக்கி ஓடுனவன் நான். அதுக்கப்புறந்தான் ஒசத்திக் கட்னேன். உள்ளார சரிவு போட எடங்கெடயாது, இத்த இட்ச்சிட்டா வண்டிய எப்டி ஏத்துவேன்? தெருவுல வுட்டா ராவோட ராவா தூக்கிகினு பூடுவான்."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.  நாங்கள் பேசுவதைப் பார்த்துவிட்டு ஜெயந்தி தன் வாசலிலிருந்து எழுந்து வந்தார்.

"அண்ணாத்தே, வண்டிய எங்க கேட்டுக்குள்ள வுட்டுக்கோ. உள்ளாரயே சரிவு போட்டாச்சி, எடம் சும்மாதான் கீது."

"ஒன் தயவுல நான் வண்டி வுடணுமா?"

"தயவு இன்னா தயவு? ராம்ப் போனா எனக்கு கிரெஷ் நிக்கும். போவலன்னா நானே காலி பண்ணிகினு போறேன், அப்போ நீ கேட்டாலும் எடம் இல்ல. ரோசன பண்ணு."

தணிகாசலம் உள்ளே போய்விட்டார். கெடுவுக்கு முந்தின நாள்வரை அந்த ராம்ப் அப்படியே இருந்தது. அலுவலகத்தில் இடிக்கும் இயந்திரத்துக்குச் சொல்லியாகிவிட்டது. ஆனால் அது போவதற்கு முன்பே அவர் தானே இடித்துவிட்டார். சாக்பீஸால் மதிலோரம் நேராகக் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே மட்டும் உடைத்திருந்தார். இருபது வருடம் போர்மேனாக இருந்தவர் வேலை என்று பார்த்தவுடன் தெரிந்தது.

மறுபடி அளந்தோம். இந்தப் பக்கம் ஜெயந்தி, அந்தப் பக்கம் அவர். முனையை மதிலில் வைத்து அளவைச் சொன்னார். சரியாகக் காதில் விழவில்லை என்றார் மேடம். தணிகாசலம் இன்னொரு முறை சொன்னார். போதுமான அகலம் இருந்தது. வேன் முனையில் நிற்க வேண்டும், மாடியில் பிள்ளைகளை வைக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு அனுமதி போனது. ஜெயந்தி ஒரு டப்பாவில் கேசரி கொண்டுவந்தார். மேடம் தொடவில்லை. நாங்கள்தான் தின்றோம்.

மேடம் அடுத்த வருடமே மாற்றலாகிப் போய்விட்டார். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு வேறு வேலையாக அந்தத் தெருவுக்குப் போனேன். காப்பகத்து கேட்டுக்குள் தணிகாசலத்தின் ஸ்கூட்டர் நின்றது. அவர் அதை எடுக்க வந்தார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொன்றாகத் தூக்கி இருக்கையில் உட்காரவைத்து ஹாரனை அடிக்கவிட்டுத்தான் வண்டியை வெளியே தள்ள முடிந்தது. தெரு அதிர்ந்தது.

"சத்தத்துக்கு மனு குடுக்கலையா?" என்று கேட்டேன்.

"போ சார்" என்றார்.

இப்போது துறையில் எல்லாம் கணினி வழியாகிவிட்டது. படத்தையும் அளவையும் விண்ணப்பிப்பவரே ஏற்றிவிடுகிறார், எதிர்ப்பவரும் வீட்டிலிருந்தே எதிர்க்கிறார். ஆள் போய் நிற்பது குறைந்துவிட்டது. வேலை வேகமாக நடக்கிறது, அதில் எனக்குக் குறை இல்லை. டேப்பை யார் பிடிக்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை மாலை செயலாளர் மறுபடி வந்தார். மனு எழுதியாயிற்றா என்று கேட்டார். எழுதலாம், முதலில் தெருவை அளந்துவிடுவோம் என்று டேப்பை எடுத்து வந்து அவர் கையில் ஒரு முனையைக் கொடுத்தேன்.

"எங்க சார் வைக்கணும்?"

"தெரு எங்க முடியுதோ அங்க."

அவர் குனிந்து பார்த்தார். அவர் நின்றிருந்தது என் வீட்டு ராம்பின்மேல். ஓய்வுப் பணத்தில் வீட்டை உயர்த்தியபோது நான் கட்டியது, ஓரத்தில் துளசியும் செம்பருத்தியும் தொட்டியில். நிமிர்ந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். எல்லா வாசலும் அதே மாதிரிதான்.

"இதெல்லாமா சார் பாப்பாங்க?"

"பார்க்க மாட்டாங்க, கவலைப்படாதீங்க. ரோடு அகலம் குறைவுன்னு மனுவில் எழுதினா, நீங்க காட்ட வேண்டிய இடம் இதுதான், அவ்வளவுதான்."

அவர் டேப்பை மெதுவாகச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் வருவதாகச் சொல்லிப் போனார். இன்னும் வரவில்லை. காப்பகம் வைக்கப்போகிற பெண்ணை நான் இதுவரை பார்த்ததுகூட இல்லை. அந்த வீட்டுக்கு வெள்ளையடிப்பதாகச் சொன்னார்கள்.

நேற்று ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து என் ராம்பைக் காட்டினேன். அவர் தெருவை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், உங்க ஒரு ஊட்டுது இட்ச்சா தெரு அகலமாயிருமா?"

"ஆகாது. ஆனா டேப் பிடிக்க ஒரு இடம் கிடைக்கும்" என்றேன்.